திட்டமிடுதலும் மாற்றுக் கருத்தும்

(ஆட்சிப் பணிப் பயிற்சி பெறுவோரும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில், ஓய்வு பெற்ற அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் நாட்டின் பொருளாதார வரலாற்றைப் பயிலும்போது ஐந்தாண்டுத் திட்டங்களின் இலக்குகளையும் சாதனைகளையும் பயில்கிறோம். அத்திட்டங்களின் போக்கை மறுத்தோர் என்ன கூறினர் என்பதைப் பெரும்பாலும் பயில்வதில்லை. அவர்களுள் மரபு பேணும் அரசியல் நோக்கு உடையவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மரபு பேணுவோர் என்றால் மாறுதலே வேண்டாம் என்போர் எனக் கருதுவது பிழை. குடும்பம், ஊர், தொழில், உடைமை ஆகியவை மக்கள் தாமே அமைத்துக்கொண்டவை. அவற்றில் தலையிட விரும்பும் அரசு, அத்தலையீட்டின் அவசியத்தை முதலில் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அந்நோக்கின் சாரம்.

ஒரு தனிக் குறிப்பு

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் அடிப்படைகளை ஆராய 1955இல் பொருளாதார அறிஞர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதில் பேராசிரியர் பி. ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினார். நாட்டின் உண்மையான சேமிப்பை மீறித் திட்டம் வகுத்துப் பற்றாக்குறை நிதியால் அதனை ஈடுகட்டினால் விலைவாசி உயரும், அன்னியச் செலாவணி கரையும் என்று அவர் எச்சரித்தார். 1957, 1958ஆம் ஆண்டுகளில் கடுமையான செலாவணி நெருக்கடி வந்தது. திட்டத்தையே சுருக்க நேர்ந்தது. எனினும், அன்று தொடங்கிய கனரகத் தொழில்கள் வீணாயின என்று எவரும் கூற முடியாது. திட்டத்தைச் சுருக்க நேரும் முன்னரே அக்குறிப்பை ஊன்றிப் படித்திருக்கலாம் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

நாகபுரியும் அதன் பின்னும்

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறையை நாட்டின் இலக்காக ஏற்றது. உத்தரப் பிரதேசத்தில் ஜமீன்தாரி ஒழிப்பில் முன்னின்ற சரண் சிங், காங்கிரசில் இருந்தவாறே இதனை எதிர்த்தார். தன் நிலத்தில் உழைக்கும் சிறு விவசாயி, ஏக்கருக்கு ஏக்கர் பெரும் பண்ணையைவிடக் குறைவாக விளைவிப்பதில்லை என்பது அவருடைய வாதம்.

அதே ஆண்டு ஜூன் மாதம், எண்பது வயதான இராஜாஜி சென்னையில் சுதந்திராக் கட்சியை அறிவித்தார். விவசாயிகளின் தலைவரான என். ஜி. ரங்கா அதன் தலைவரானார். மினு மசானி அதன் முக்கிய அமைப்பாளராக விளங்கினார். உரிமமும் அனுமதிச் சீட்டும் வழங்கும் அதிகாரத்தால் நடைபெறும் ஆட்சியை 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' என்று இராஜாஜி சாடினார். இது அவருக்குத் திடீரெனத் தோன்றிய எண்ணமன்று. 1952இல் சென்னை மாகாண முதலமைச்சராகப் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே உணவுப் பங்கீட்டுக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர்.

மக்களவையில் அக்கட்சி 1962இல் 18 இடங்களையும் 1967இல் 44 இடங்களையும் பெற்றது. 1971இல் 8 இடங்களாகக் குறைந்தது. 1974இல் சரண் சிங் தலைமையில் உருவான பாரதிய லோக் தளத்துடன் இணைந்து மறைந்தது.

என் மேசையில் கிடந்த விண்ணப்பம்

இக்கருத்துகளை நான் நூல்களில் மட்டும் கற்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் ஒரு மாவட்டத்தில் பணியாற்றினேன். அன்று சிமெண்டு கட்டுப்பாட்டில் இருந்த பொருள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கூரைக்கு 40 மூட்டை கேட்டு விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பத்தில் குறை ஏதுமில்லை, ஒதுக்கீடுதான் வரவில்லை. அது வந்தபோது, பரிந்துரைக் கடிதங்களுடன் வேறு பெயர்கள் முன்னே வந்துவிட்டன. மழைக்காலம் தொடங்கிய பின்னரே அவருக்குச் சீட்டுக் கிடைத்தது. அதுவும் 15 மூட்டைக்கு. நான் யாரிடமும் எதுவும் பெறவில்லை. எந்த விதியையும் மீறவுமில்லை. ஆயினும், தம் பணத்தில் தம் வீட்டைக் கட்ட விரும்பிய அம்முதியவர், அச்சீட்டைப் பெற்றுக்கொண்டு என்னைக் கைகூப்பி வணங்கினார். அந்த வணக்கம் இன்றும் என்னை உறுத்துகிறது.

சிமெண்டுக் கட்டுப்பாடு 1982இல் ஓரளவும் 1989இல் முழுவதுமாகவும் நீங்கியது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழில் உரிம முறையும் இத்தகையதே. பொருளாதார ஆதிக்கம் சிலர் கையில் குவியாமல் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் உரிமங்களில் பெரும் பங்கைப் பெரிய தொழில் குடும்பங்களே பெற்றன என்பதை, அரசே அமைத்த தத் குழு 1969இல் எடுத்துக்காட்டியது. 1991 ஜூலையில் வந்த தொழிற்கொள்கை, 18 தொழில்கள் தவிர ஏனையவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்றாக்கியது.

மறுபக்கம்

அவ்வாறாயின் விமர்சகர்கள் கூறியது முழுவதும் சரியா? இல்லை. முன்னாள் மன்னர்களும் பெருநிலக்கிழார்களும் சுதந்திராக் கட்சியின் வலிமையில் ஒரு பகுதியாக இருந்தனர். உடைமையின் காவலைப் பற்றி விரிவாகப் பேசிய அக்கட்சி, காப்பதற்கு உடைமையே இல்லாத நிலமற்ற தொழிலாளிக்குப் போதிய விடை தரவில்லை. மரபாக வந்தவை அனைத்தும் பேணத்தக்கவையும் அல்ல. தீண்டாமையும் மரபாக வந்ததே.

வேளாண்மையிலும் இரு பக்கங்கள் உண்டு. கூட்டுப் பண்ணை நாட்டில் வேரூன்றவில்லை. பசுமைப் புரட்சி உழவனின் சொந்த வயலிலேயே நிகழ்ந்தது. ஆனால் சந்தை மட்டும் அதனைச் செய்யவில்லை. அரசின் ஆராய்ச்சி நிலையங்கள், பாசனம், 1965இல் அமைந்த இந்திய உணவுக் கழகம், அதே ஆண்டு அமைந்த வேளாண் விலைக் குழு ஆகியவை அதற்குத் துணை நின்றன. உழவனிடமிருந்து நிலத்தை அகற்றாமல், அவனுக்கு வேண்டியதை அரசு அளித்தபோது பலன் கிட்டியது.

இரு கேள்விகள்

திட்டக் கமிஷன் இன்று இல்லை. 2015இல் அதன் இடத்தில் நிதி ஆயோக் அமைந்தது. ஆனால் அனுமதிகள் ஒழியவில்லை. கட்டட அனுமதி, கடை உரிமம், சான்றிதழ் என்று நாளை உங்கள் மேசைக்கும் கோப்புகள் வரும். அப்போது இரு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த அனுமதி யாருடைய நன்மைக்காக ஏற்பட்டது, அந்நன்மை உண்மையில் அவரைச் சேர்கிறதா என்பது முதற்கேள்வி. இக்கட்டுப்பாட்டை நீக்கினால் எளியவர் எவரேனும் பாதுகாப்பின்றி நிற்பாரா என்பது இரண்டாவது. முதற்கேள்வியை மரபு பேணுவோரிடமிருந்தும் இரண்டாவதை அவர்களை மறுத்தோரிடமிருந்தும் நான் கற்றேன். காலந்தாழ்ந்து கற்றேன், நீங்கள் பணியின் முதல் நாளிலேயே கற்றுக்கொள்ளலாம்.