உடம்பின் வயசு

காஞ்சிபுரத்துல கோர்வைச் சேலை நெய்ய ரெண்டு பேர் வேணும். நெசவாளி ஒருத்தர், கரைக்கு நாடா போட இன்னொரு ஆள். அந்த ஆள் பல காலம் ஒரு குழந்தைதான். பெத்தவங்க வாங்கின முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் எழுதியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமோ 1976லேயே வந்தாச்சு.

ஓயாத ஒடுக்குமுறை உடம்பைச் சீக்கிரம் கிழடாக்கும் என்று அமெரிக்கக் கறுப்பினப் பெண்களை ஆராய்ந்த ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992இல் சொன்னார். தீராத நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாரை எலிசபெத் பிளாக்பர்ன் குழு 2004இல் ஆராய்ந்தது. மன நெருக்கடி மிகுந்தவர்களின் குரோமோசோம் நுனிகள், பத்து வயசு கூடினதுபோலத் தேய்ந்திருந்தன.

இங்கே? ஒன்பது மாநிலங்களில், உயர்சாதி இந்துக்களைவிட தலித்துகளின் ஆயுசு மூணு வருஷத்துக்கு மேல் குறைவு என்கிறது 2022இல் வந்த ஆய்வு. வறுமையைக் கணக்கில் எடுத்தாலும், அதில் பாதிக்குக்கூட விளக்கம் கிடைக்கல. மிச்சத்துக்குப் பேர் என்ன தோழர்களே?

2003இல் தறியில் இருந்த பிள்ளைக்கு இப்ப முப்பது தாண்டியிருக்கும். அந்த உடம்புக்கு என்ன வயசு? முன்பணம் தீர்ந்திருக்கலாம், வட்டி ஆயுசுல கழியுதா? மாணவத் தோழர்களே, உங்கள் ஆராய்ச்சியை அந்தத் தறிக்குழியிலிருந்து தொடங்குங்கள்.