நிலப்பகுப்புச் சட்டமும் நம் கடமையும்



மண்ணச்சநல்லூரின் பெயர் பொன்னி அரிசியாலன்றோ நாற்றிசையும் பரவிற்று? அவ்வரிசிக்கு வயல் வேண்டும், ஆலை வேண்டும், உழைப்போர் உறைய வீடும் வேண்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று நலியாதிருத்தற்கே ஊரமைப்புச் சட்டங்கள் ஏற்பட்டன. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்திற்குப் பின் வந்தது, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்வழி வகுக்கப்படும் முழுமைத் திட்டம், நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை எனப் பகுக்கும்.

இப்பகுப்பை மாற்ற முற்படுங்கால் நம்மவருள்ளே பிணக்கு எழுகின்றது. ஆலையுடையார் இடவிரிவு வேண்டுவர். அயலில் வாழ்வோர் உமிச்சாம்பலுக்கு அஞ்சுவர். மனை விற்போர் வயலை நோக்குவர். மூவரும் நம் உறவினரே. ஆதலின் குலத்தின் பேரால் ஒருபக்கம் சாய்தல் முறையன்று. யான் வேண்டுவது ஒன்றே: ஆலைக்கும் மனைக்கும் நீர் பாயாப் புறத்தே இடம் வகுக்க. வயலொன்று மனையாகி, அதனூடு செல்லும் வாய்க்கால் தூர்ந்தால், கடைமடை முழுதும் காயும். பின்னர் ஆலை எதனை அரைக்கும்?

முழுமைத் திட்டம் ஒன்று வரையப்பட்டு அறிவிப்பு வெளியாயின், எழுத்து மூலம் மறுப்புரைக்க இரண்டு திங்களுக்குக் குறையாத காலத்தை அச்சட்டம் அளிக்கின்றது. திண்ணையில் முறையிடுதல் கணக்கில் ஏறாது. சர்வே எண்ணைக் குறித்து எழுதிக் கொடுப்போமாக. எழுத இயலாதார்க்கு மாலைதோறும் எழுதித்தர யான் காத்திருப்பேன்.