கல்யாணத்துக்கு முன்பே பார்க்க வேண்டிய கணக்கு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அமெரிக்க மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும் குடும்பங்களோடு, குறிப்பாக மாப்பிள்ளை அங்கே சொந்தத் தொழில் செய்கிறவராக இருந்தால், இன்று கொஞ்சம் பேச வேண்டும்.

மனைவியைக் குடியேற்ற விசாவில் அழைத்துக்கொள்ள, கணவர் ஐ-864 என்ற படிவத்தில் கையெழுத்திட வேண்டும். 'இவரை அரசாங்க உதவியை நம்பி இருக்க விடமாட்டேன், நானே தாங்குவேன்' என்று அரசுக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்புப் பத்திரம் அது. அதற்கான வருமானம் தனக்கு இருக்கிறது என்று அவர் காட்டியாக வேண்டும். அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வறுமைக் கோட்டின் 125 சதவீதம்தான் அளவு. 2025 கணக்கில், கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள குடும்பத்துக்கு 26,437 டாலர். முதல் தாரத்துப் பிள்ளையோ வேறு யாரோ அவர் பொறுப்பில் இருந்தால் தொகை ஏறும்.

சம்பளக்காரருக்கு இது பெரிய பாடில்லை. சொந்தத் தொழில்காரருக்குத்தான் சிக்கல். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள்: கல்லாவில் விழுந்த பணம் வேறு, பாலுக்கும் சர்க்கரைக்கும் விறகுக்கும் ஆள் கூலிக்கும் போக மிஞ்சுவது வேறு. விசா அதிகாரி பார்ப்பது மிஞ்சியதைத்தான். அங்கே தொழில் செய்பவர் வருமான வரி ரிட்டர்னோடு ஷெட்யூல் சி என்ற தாளை இணைப்பார். வரவு, செலவு, நிகர லாபம் மூன்றும் அதில் வந்துவிடும். அந்த லாபம்தான் ரிட்டர்னின் மொத்த வருமானத்தில் சேர்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரவு 90,000 டாலர், எழுதிய செலவு 72,000. நிற்பது 18,000. 'வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம் டாலர் தொழில்' என்று பெண் வீட்டில் சொன்னது பொய் இல்லை. ஆனால் படிவத்துக்கு 8,437 டாலர் குறைகிறது. வண்டி, வாடகை, போன் என்று நியாயமான செலவைக் கழித்து வரியைக் குறைப்பது சட்டப்படி சரிதான். வரி இலாகாவுக்கு ஒரு லாபம், விசாவுக்கு இன்னொரு லாபம் என்று காட்டத்தான் வழியில்லை.

குறைந்தால் என்ன செய்வது? பல வீடுகளில் பெண்ணின் அப்பா, "நான் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு மில்லு இருக்கு, வீடு இருக்கு" என்பார். அவர் கையெழுத்து செல்லாது. கூட்டு ஸ்பான்சராக நிற்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்து, அமெரிக்காவிலேயே குடியிருக்க வேண்டும். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை, நண்பராகவும் இருக்கலாம்.

ஆனால் சொத்து பெண்ணின் பெயரிலேயே இருந்தால் கதை வேறு. கணவர் அமெரிக்கக் குடிமகன் என்றால், குறைகிற தொகையைப் போல மூன்று மடங்கு சொத்தைக் காட்டலாம். மேலே சொன்ன கணக்கில் 25,311 டாலர். ராஜபாளையத்தில் அவள் பெயரில் உள்ள மனையோ வீடோ, கடன் போக, அந்த மதிப்புக்கு நின்றால் போதும். ஓராண்டுக்குள் விற்றுப் பணமாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பட்டா, பத்திர நகல், சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய வில்லங்கச் சான்று, மதிப்பீட்டாளர் கொடுத்த மதிப்பு, எல்லாம் வேண்டும். தமிழில் உள்ளவற்றுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வையுங்கள். விற்ற பணம் வெளியே போக முடியுமா என்று கேட்டால், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது.

குடும்பங்கள் தடுமாறும் இன்னொரு இடம் பெயர். நம்மூரில் இனிஷியல் போட்டு எழுதுகிறோம். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும். கல்யாணப் பதிவுச் சான்றிதழில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று இருந்தால் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். இந்தியர்களின் குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில்தான், சென்னையில் இல்லை. அவ்வளவு தூரம் போய் நின்ற பிறகு, வருமானம் போதவில்லை, கூட்டு ஸ்பான்சர் கொண்டு வாருங்கள் என்று தாளை நீட்டினால், திரும்பி வரும் பெண்ணின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். விசா அடியோடு போய்விட்டதாக அதற்கு அர்த்தமில்லை. கேட்டதைக் கொடுத்தால் விண்ணப்பம் மேலே நகரும். ஆனால் மாதக்கணக்கில் பிரிவு நீளும்.

இந்தக் கையெழுத்தின் கனமும் தெரிய வேண்டும். மனைவி அமெரிக்கக் குடியுரிமை பெறும் வரையோ, ஏறக்குறைய பத்து ஆண்டு வேலைக்குச் சமமான 40 காலாண்டுகள் அவர் கணக்கில் சேரும் வரையோ பொறுப்பு நிற்கும். விவாகரத்து ஆனாலும் தீராது. கூட்டு ஸ்பான்சருக்கும் அதே பொறுப்புதான். அதனால் தூரத்துச் சித்தப்பாவிடம் கையெழுத்துக் கேட்கும்போது, எதற்குக் கையெழுத்து என்பதை அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எனவே பெற்றோர்களே, ஜாதகம் பார்க்கிறோம், குலம் விசாரிக்கிறோம். நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் கடைசி மூன்று ஆண்டு வரி ரிட்டர்னையும் கேட்டு வாங்கி, ஷெட்யூல் சியோடு உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல மாப்பிள்ளை தயங்காமல் கொடுப்பார்.