ஷீட் பேர் பட்டியல்: கண்ணுக்குத் தெரியாததும் சேர்த்து

இந்த வாரம் எடுத்திருக்கிறது சின்ன விஷயம். ஒரு எக்செல் ஃபைல்ல இருக்கிற எல்லா ஷீட்டோட பேரையும், கையால டைப் பண்ணாம, தானா ஒரு பட்டியலா வர வைக்கிறது எப்படி?

நாலு ஷீட் இருக்கிற ஃபைலுக்கு இது தேவையே இல்ல. ஆனா நம்ம ஏரியாவையே எடுத்துக்கோங்க. 2021 நவம்பர்ல அஞ்சு நகராட்சி, அஞ்சு பேரூராட்சியைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆச்சு. மொத்தம் 70 வார்டு. வார்டுக்கு ஒரு ஷீட்னு யாராவது ஃபைல் போட்டா, கீழ இருக்கிற டேப்ல பாதிகூட ஸ்க்ரீன்ல தெரியாது. மாடம்பாக்கத்துல ஒரு அபார்ட்மென்ட் அசோசியேஷன் மாசத்துக்கு ஒரு ஷீட்னு மெயின்டனன்ஸ் கணக்கு எழுதினா, ஆறு வருஷத்துல 72 ஷீட்.

சும்மா ஒரு ஷீட்டைத் தேடிப் போகணும், அவ்வளவுதான்னா, டேப்புகளுக்கு இடது பக்கம் இருக்கிற குட்டி அம்புக்குறி மேல ரைட் க்ளிக் பண்ணுங்க. பட்டியல் வரும். ஆனா அதை செல்லுக்குள்ள கொண்டு வர முடியாது. மறைச்சு வச்ச ஷீட்டும் அதுல வராது. இந்த ரெண்டாவது குறையை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

நெட்ல தேடினா முதல்ல கிடைக்கிற வழி, 'கெட் டாட் வொர்க்புக்'. டிஃபைன் நேம்ல போய் ஒரு பேர் குடுத்து, அதுக்குள்ள இந்த ஃபங்ஷனை எழுதி, அப்புறம் இண்டெக்ஸ் போட்டு ஒவ்வொரு பேரா இழுக்கிறது. வேலை செய்யும். ஆனா இது 1992-ல வந்த எக்செல் 4.0-வோட மேக்ரோ மொழி. வைரஸ் எழுதுறவங்க இதை அவ்வளவு பயன்படுத்திட்டாங்க, 2022 ஜனவரியில மைக்ரோசாஃப்ட் இந்தப் பழைய மேக்ரோக்களை டீஃபால்ட்டாவே நிறுத்தி வச்சுது. உங்க லேப்டாப்ல ஓடும், ஆடிட்டர் மெஷின்ல எரர் காட்டும். ஃபைலையும் மேக்ரோ ஃபார்மட்லதான் சேவ் பண்ணணும். இன்னைக்குப் புதுசா ஒருத்தருக்கு இதைச் சொல்லிக் குடுக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

நான் சொல்றது பவர் க்வெரி. எக்செல் 2016-லேருந்து உள்ளேயே இருக்கு, மேக்ரோ வேண்டாம். புதுசா ஒரு காலி ஃபைல் திறங்க. டேட்டா டேப், கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், அதுல எக்செல் வொர்க்புக். உங்க ஃபைலைத் தேர்ந்தெடுத்ததும் நேவிகேட்டர் திறக்கும். எல்லாரும் இங்க ஏதாவது ஒரு ஷீட்டைத்தான் க்ளிக் பண்ணுவாங்க. நீங்க அதுக்கு மேல, ஃபோல்டர் படத்தோட இருக்கிற ஃபைல் பேர்மேலயே ரைட் க்ளிக் பண்ணி, டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா குடுங்க. அஞ்சு காலம் வரும். 'கைண்ட்' காலத்துல ஷீட் மட்டும் ஃபில்டர் பண்ணுங்க, இல்லன்னா டேபிள், டிஃபைன்டு நேம் எல்லாம் கூடவே நிக்கும். பேர் காலத்தையும் கடைசியா இருக்கிற 'ஹிட்டன்' காலத்தையும் வச்சுக்கிட்டு மத்ததை எடுத்துட்டு லோட் பண்ணுங்க. நாளைக்குப் புது ஷீட் சேர்ந்தா, அந்த ஃபைலை சேவ் பண்ணிட்டு இங்க ரீஃப்ரெஷ் அடிச்சா போதும். ஃபைலை வேற ஃபோல்டருக்கு மாத்தினா மட்டும் சோர்ஸ்ல பாதையை மாத்தணும்.

இப்போ அந்த ஹிட்டன் காலம். ஒரு ஷீட் மறைஞ்சிருந்தா அதுக்கு நேரா 'ட்ரூ'ன்னு காட்டும். இது ஏன் முக்கியம்னு தெரிஞ்சுக்க வட அயர்லாந்து வரைக்கும் போகணும்.

2023 ஆகஸ்ட் 8. நம்ம ஊர் ஆர்.டி.ஐ மாதிரி அங்க ஒரு தகவல் கோரிக்கை. எந்தப் பதவியில எத்தனை பேர்னு போலீஸ்கிட்ட ஒருத்தர் கேட்டிருந்தார். போலீஸ் ஒரு எக்செல் ஃபைலைப் பதிலா அனுப்பியது, அது இணையதளத்தில் வெளியானது. கேட்ட எண்ணிக்கை சரியா இருந்தது. ஆனா அதே ஃபைல்ல, யார் கண்ணுக்கும் படாம இன்னொரு ஷீட் இருந்தது. அதில் 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் குடும்பப் பெயர், இனிஷியல், பதவி, வேலை பார்க்கும் இடம். போலீஸ்ல இருக்கோம்னு பக்கத்து வீட்டுக்கே சொல்லாம வாழ்றவங்க இருக்கிற ஊர் அது. சில மணி நேரத்துல எடுத்துட்டாங்க, ஆனா ஃபைல் வெளியே போயாச்சு. 2024-ல அந்தப் போலீஸுக்கு 7,50,000 பவுண்ட் அபராதம். இதுக்கு நடுவுலயே, 2023 செப்டம்பர்ல, தகவல் கோரிக்கைக்கு ஒரிஜினல் எக்செல் ஃபைலை அப்படியே வெளியிடாதீங்க, சி.எஸ்.வி-யா மாத்துங்கன்னு அங்க இருக்கிற தகவல் ஆணையர் எல்லா அலுவலகத்துக்கும் சொல்லிட்டார். சி.எஸ்.வி-யில ஒரே ஒரு ஷீட்தான் நிக்கும், அதான் காரணம்.

நம்ம அளவுல பாருங்க. அசோசியேஷன் செகரட்டரி அங்கிள், 'யார் யார் பாக்கி'ன்னு ஒரு ஷீட்டை மட்டும் காட்டிட்டு, வாடகைக்கு இருக்கிறவங்க ஃபோன் நம்பர், ஆதார், அட்வான்ஸ் தொகை இருக்கிற ஷீட்டை ஹைட் பண்ணிட்டு, ஃபைலை வாட்ஸ்அப் குரூப்ல போடுவார். ஹைட் பண்றது ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுற மாதிரிதான், பூட்டு இல்ல. ரைட் க்ளிக், அன்ஹைட், முடிஞ்சது. 'வெரி ஹிட்டன்'னு இன்னொரு நிலை உண்டு, அன்ஹைட் மெனுலகூட வராது. ஆனா எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் ஃபைல் உண்மையில ஒரு ஜிப். ஃபைல் பேர்ல கடைசியை ஜிப்னு மாத்தித் திறந்தா, எக்ஸ்.எல் ஃபோல்டருக்குள்ள வொர்க்புக்ங்கிற எக்ஸ்.எம்.எல் ஃபைல்ல எல்லா ஷீட் பேரும் வரிசையா உட்கார்ந்திருக்கும்.

அதனால வெளியே அனுப்பும் முன்னாடி பட்டியலை எடுங்க. எண்ணிக்கை நீங்க நினைச்சதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. இல்லன்னா, தேவையான பக்கத்தை மட்டும் பி.டி.எஃப் ஆக்கி அனுப்புங்க. ஷீட்டை வேற ஃபைலுக்கு காப்பி பண்ணா போதும்னு நினைக்காதீங்க, அதுல பைவட் டேபிள் இருந்தா மூல டேட்டாவும் ஒட்டிக்கிட்டுப் போகலாம்.

பேர் வைக்கிறதுலயும் ஒரு கூத்து இருக்கு. ஷீட் பேர்ல சாய்வுக்கோடு வராது. சென்னையில பழைய நம்பர், புது நம்பர்னு ரெண்டையும் சாய்வுக்கோடு போட்டே எழுதிப் பழகின நமக்கு இது பெரிய இம்சை. பேரோட நீளம் 31 எழுத்துதான். தமிழ்ல வச்சா புள்ளியும் கொம்பும் தனித்தனியா எண்ணப்படும். 'பீர்க்கன்கரணை' நமக்கு எட்டு எழுத்து, எக்செலுக்கு 13.

கூகுள் ஷீட்ஸ்ல இருக்கிறவங்களுக்கு: ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ல 'கெட் ஷீட்ஸ்' கூப்பிட்டு ஒவ்வொண்ணுக்கும் 'கெட் நேம்' போட்டா நாலு வரியில வேலை முடியும். அதை செல்லுல ஃபங்ஷனா போட்டா, ஷீட் பேரை மாத்தினாலும் பழைய பட்டியலே நிக்கும். அதுக்கு மெனுல ஒரு பட்டன் வச்சு ஓட்டுங்க. எழுத்து எழுத்தா டைப் பண்ண வேண்டியதெல்லாம் எபிசோட் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. உங்க ஆபீஸ் ஃபைல்ல எத்தனை 'ட்ரூ' வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஃபைலை அனுப்பிடாதீங்க!