எண்ணெய்ப் போத்தலும் இடுப்பளவும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய சனசமூக நிலையக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



அரசியல் பேச அழைக்கப்படும் நாம் எண்ணெயையும் இடுப்பையும் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் ஒன்று கேட்கின்றோம். 2005ஆம், 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நீரிழிவு எவ்வளவு பரவியுள்ளதென ஆராய்ந்தனர். வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு அந்நோய் இருந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் அஃது இருப்பதையே அறியார். அவ்வாய்வு ஏழு மாகாணங்களிலேயே நடைபெற்றது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. வாக்காளர் இடாப்பில் ஒரு பெயர் விடுபட்டால் நீதிமன்றம் செல்லும் நாம், நோயாளர் கணக்கில் இரு மாகாணங்கள் விடுபட்டபோது என் செய்தோம்?

"நான் மெல்லிய ஆள், எனக்குச் சீனி வருத்தம் வராது" என்பது எம்மூரில் அடிக்கடி கேட்கும் வாக்குமூலம். தராசு நம்பத்தகுந்த சாட்சியன்று. தெற்காசியராகிய எமக்கு, ஐரோப்பியரினும் குறைந்த எடையிலேயே வயிற்றினுள் கொழுப்புச் சேர்கின்றது. இதனாலேயே, ஆசிய மக்களுக்கு உடற்றிணிவுச் சுட்டி 23ஐ எட்டும்போதே விழிப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2004இல் கூறிற்று. ஐந்தடி ஆறங்குல உயரமுள்ளவர் 65 கிலோவிலேயே அவ்வெல்லையை எட்டிவிடுவார். எம்மூரில் அவரைப் பார்த்து, "நன்றாக இளைத்துவிட்டீர்" என்பார்கள்! இடுப்பளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால் அது தராசினும் மெய்யான சாட்சி.

வயிற்றுக் கொழுப்பு வாளாவிருக்கும் சுமையன்று. கொழுப்பு இழையமும் ஓமோன்களைச் சுரக்கின்றது. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் அவற்றுள் ஒன்று. வயிற்றினுள் மிஞ்சிய கொழுப்பிலிருந்து கொழுப்பமிலங்கள் ஈரலுக்குப் பாய்கின்றன. ஈரலும் தசையும் இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்க்க மறுக்கின்றன. சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகின்றது. அது களைக்கும் நாளில்தான் இரத்தத்தில் சீனி ஏறுகின்றது. அதுவரையும் நோயாளிக்கு ஒரு நோவும் இராது.

இதிற் போரின் கைவரிசையும் உண்டோவென ஐயுற இடமுண்டு. 1944-45இல் ஒல்லாந்தைப் பஞ்சம் வாட்டியபோது கருவிலிருந்த பிள்ளைகள், ஐம்பது வயதளவில் சீனியைச் சீராகக் கையாளும் திறன் குன்றியவராகக் காணப்பட்டனர். குடாநாடு பொருளாதாரத் தடையில் வாடிய தொண்ணூறுகளின் முற்பகுதியிற் பிறந்தோர் இன்று முப்பதைக் கடந்து நிற்கின்றனர். அன்று எரிபொருளின்றிச் சைக்கிள் மிதித்த அதே மக்கள் இன்று மோட்டார்ச் சைக்கிளிற் செல்கின்றனர். துலா மிதித்த பாட்டன் உண்ட சோற்றின் அளவையே, பம்பின் விசையைத் தட்டும் பேரனும் உண்கின்றான். கந்தோரிலும் நீதிமன்றத்திலும் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் எம்போன்றோரின் நிலை அதனினும் கேடு.

எண்ணெய்க்கு வருவோம். இவ்விடயத்தில் நாட்டில் இரு கட்சிகள் உள: நல்லெண்ணெய்க் கட்சி, தேங்காயெண்ணெய்க் கட்சி. நிரம்பிய கொழுப்பமிலம் தேங்காயெண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை. பாமெண்ணெயில் ஏறக்குறைய ஐம்பது. நல்லெண்ணெயில் பதினைந்து அளவு. நிரம்பிய கொழுப்பைக் குறைத்து நிரம்பாததைக் கொண்டால் இரத்தத்தின் தீய கொலஸ்ரரோல் குறையும். இவ்வளவில் நல்லெண்ணெய்க் கட்சிக்கே வெற்றி. ஆனால் எந்த எண்ணெயிலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி. சோற்று மாப்பொருளில் நான்கே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி தரும். பெயரில் 'நல்ல' என்றிருப்பதால் கை தாராளமாகச் சாய்வதை எம் வீட்டிலேயே கண்டிருக்கின்றோம்.

வீட்டுப் போத்தலை நாம் அளக்கலாம். கடைத் தாச்சியை யார் அளப்பது? எண்ணெயை ஐதரசன் ஏற்றி இறுகச் செய்யும்போது உண்டாகும் திரான்சுக் கொழுப்பு இருதயத்துக்குப் பெருங்கேடு. 2003இல் தென்மார்க்கு அதனை 100 கிராம் கொழுப்புக்கு 2 கிராம் என்று சட்டத்தாற் கட்டியது. இந்தியாவும் 2022இல் நூற்றுக்கு இரண்டு என்று வரையறுத்தது. எனினும் பெட்டியில் ஒட்டிய சுட்டுத்துண்டு றோல்சுக்கும் பற்றிசுக்கும் கிடையாது. எம்மவர் 'மிதிவெடி' என்று பெயர் வைத்து உண்ணும் பண்டத்துக்கும் கிடையாது. ஒரே எண்ணெய் காலை முதல் மாலை வரை கொதித்துக் கறுத்துச் சிதைகின்றது. உண்பவனுக்கு அது தெரிவதில்லை. தெரியாததைத் தெரிந்தெடுத்தான் என்று அவன்மேற் குற்றஞ்சாட்டுவது நீதியாகாது.

ஆதலால் பிரதேச சபைக்கு ஒரு மனு வரைந்துள்ளோம். உணவுக்கடைகளின் பொரித்த எண்ணெயைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். சந்தைகளிலும் பாடசாலை வாயில்களிலும் அவித்த கடலை, சுண்டல் விற்போருக்கு இடம் ஒதுக்க வேண்டும். மனு மேசையில் இருக்கின்றது. படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாக இரத்தம் சோதிக்கும் நிலையங்கள் உள. அங்கே பெண்கள் செல்கின்றனர். ஆண்கள் வேலையைச் சாட்டி நழுவுகின்றனர். மனுவுக்கு அருகில் ஓர் அளவுநாடாவும் வைத்துள்ளோம். முதலில் எம்மையே அளந்தோம்: 97 சென்ரிமீற்றர். அடுத்தவர் வரலாம்.