வெளிநாட்டில் கம்பெனி தொடங்கப் போகிறீர்களா?

(காளப்பநாயக்கன்பட்டியில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த ஊரைத் தாண்டித்தான் காரவள்ளி போய், 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போகிறோம். மலை மிளகும் காப்பிக்கொட்டையும் இதே வழியில்தான் இறங்குகின்றன. நாமக்கல் முட்டை கப்பலேறி வளைகுடாவுக்கே போகிறது. "சரக்கு நம்முடையது, அங்கே விற்கிற லாபம் மட்டும் இன்னொருவருக்கா? நாமே துபாயில் ஒரு கம்பெனி போட்டால் என்ன?" என்று சற்று முன் ஒரு தம்பி கேட்டார். போடலாம். ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

நான் தெரியாமல் போட்டவன். 2003-இல் தேராவில் ஒரு கடை. அன்றைய சட்டப்படி, அதாவது 1984-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, 51 சதவீதப் பங்கு அந்நாட்டுக் குடிமகன் பெயரில் இருந்தாக வேண்டும். முதல் முழுவதும் என்னுடையது; காகிதத்தில் எனக்கு 49. 'கடை உன்னுடையதுதான்' என்று தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். ஐந்து வருடம் நல்லபடியாகப் போயிற்று. ஆண்டுக் கட்டணத்தை இரட்டிப்பாக்கச் சொன்னபோதுதான் அந்தத் தனி ஒப்பந்தம் செல்லாது என்று வக்கீல் சொன்னார். கடையை விட்டுவிட்டு வந்தேன். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இந்தக் கதை தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள்.

அந்த நிலை மாறிவிட்டது. 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு நூறு சதவீதப் பங்கும் வெளிநாட்டவர் பெயரிலேயே இருக்கலாம். ஒரே ஆள்கூட லிமிடெட் கம்பெனி பதியலாம். இதற்குப் பிறகும் '51 சதவீதத்துக்கு ஆள் பிடித்துத் தருகிறேன்' என்று வரும் தரகரிடம், எந்தத் தொழிலுக்கு, ஏன் என்று கேளுங்கள்.

'லிமிடெட்' என்றால் என்ன? கம்பெனி வேறு, நீங்கள் வேறு. கம்பெனி கடன்பட்டால் நீங்கள் போட்ட முதல் போகும். இங்கே இருக்கும் வீடும் நிலமும் போகாது. முளாரபாவில் முதல் போட்டவரின் நட்டம் அந்த முதலோடு நிற்பதைப் படித்த நமக்கு இது முற்றிலும் புதிதல்ல.

ஆனால் இந்தக் காப்பை நாமே கிழித்துக்கொள்கிறோம். சரக்குக் கடன் கொடுப்பவரும் வங்கியும் தனிப்பட்ட ஜாமீன் கேட்பார்கள், நாமும் கொடுத்துவிடுவோம். கொடுத்த கணமே கம்பெனியின் கடன் உங்கள் கடன்! செக் விஷயமும் அப்படித்தான். பணமில்லாமல் திரும்பிய செக்குக்காக ஒரு காலத்தில் எத்தனையோ பேர் சிறையில் கிடந்தார்கள். 2022 ஜனவரி முதல், கணக்கில் பணமில்லை என்பது மட்டுமே குற்ற வழக்காவதில்லை. ஆனால் செக் வைத்திருப்பவர் நேரே வசூல் நீதிமன்றத்துக்குப் போகலாம். பயணத் தடையும் வாங்கலாம். மோசடியாகச் செக் கொடுத்தால் இன்றும் குற்றம்தான். வெற்றுச் செக்கில் கையெழுத்திட்டுப் பிறரிடம் கொடுக்காதீர்கள், மச்சானாக இருந்தாலும் சரி.

வரியே இல்லாத ஊர் என்பதும் பழைய பேச்சு. 2018 முதல் 5 சதவீத வாட் இருக்கிறது. 2023 ஜூனிலோ அதற்குப் பிறகோ தொடங்கிய கணக்காண்டுகளில், 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதக் கம்பெனி வரி.

இனி, பலரும் மறப்பது நம் நாட்டுச் சட்டம். அங்கேயே குடியிருந்து, அங்கே சம்பாதித்த பணத்தைப் போடுபவர் கதை வேறு. இங்கே இருந்துகொண்டு அங்கே கம்பெனி வைக்கப் போகிறவர் 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளைப் பின்பற்ற வேண்டும். தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் அனுப்பலாம். முதலில் வங்கியில் படிவம் கொடுத்து அடையாள எண் வாங்க வேண்டும், பிறகுதான் பணம். வருமான வரிக் கணக்கில் அந்தப் பங்கைக் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டுக் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். உண்டியலில் அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அனுப்பிய தொகையைப் போல் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. நம் பெயருள்ளவர் மாட்டினால் செய்தியில் அது வெறும் பண விவகாரமாகவும் இருக்காது.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒன்று. மிளகை வெளிநாட்டுக்கு விற்க அங்கே கம்பெனியே தேவையில்லை. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணும், நறுமணப் பொருள் வாரியத்தின் பதிவும் எடுத்தால் இங்கிருந்தே அனுப்பலாம். இரண்டு மூன்று முறை அனுப்புங்கள், பணம் ஒழுங்காக வந்து சேருகிறதா பாருங்கள். வாங்குபவர் நிலைத்து, அங்கே கிடங்கும் ஆளும் வேண்டும் என்ற நிலை வரும்போது கம்பெனியைப் பற்றிப் பேசலாம். அப்போது ஒப்பந்தத்தை அரபியில் மட்டும் நீட்டினால், மொழிபெயர்ப்பு கைக்கு வரும் வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

வேறு கேள்வி இருப்பவர்கள் எழுதிக் கொடுங்கள். தேநீருக்குப் பிறகு பேசுவோம்.