அடுத்த வாரம் யார் வருவா?

நடுவர் அவர்களே! லீவுல வெளிநாடு போய்த் தொண்டு செய்தால் அந்த ஊருக்குத்தான் பயன் என்று எதிரணி அம்மையார் பேசிக் கைதட்டல் வாங்கினார்கள். நானும் தட்டினேன். ஏன்னா, ஒரு காலத்துல நானும் அந்தக் கட்சிதான்!

ஒரு மே மாதம் கம்போடியா போனேன். காலையில அங்கோர்வாட் கோயில், மத்தியானம் சியெம் ரீப் ஊரில் ஓர் அனாதை இல்லத்துல இங்கிலீஷ் பாடம். கெமர் மொழி ஒரு வார்த்தை தெரியாது. நம்ம ஊர் பால்வாடிக்குள்ள என்னை விடுவாங்களா, ஐயா? அங்கே யாரு, என்னன்னு கேக்காம கதவைத் திறந்தாங்க.

"ஏ, பி"ன்னு ஆரம்பிச்சேன். பிள்ளைங்க 'இசட்' வரைக்கும் ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க! போன வாரம் வந்தவரும் அதையேதான் நடத்தியிருக்கார்.

ஆறாம் நாள் கிளம்பும்போது ஒரு சின்னப் பொண்ணு, தெரிஞ்ச இங்கிலீஷ்ல கேட்டாள்: "அடுத்த வாரம் யார் வருவா?" அழல, நடுவர் அவர்களே. பழகிப்போச்சு.

அவளுக்கு அம்மா உண்டு; தோன்லே சாப் ஏரிக்கரையில இருக்காங்களாம். அந்நாட்டு இல்லங்களில் நாலில் சுமார் மூணு பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ இருக்காங்கன்னு யுனிசெஃப் 2011-லேயே சொல்லியிருக்கு. பார்க்க வர்றவங்க காசு கொடுத்தா, பிள்ளைகளைப் பிடிச்சு வந்து சேர்க்கவும் ஆள் கிளம்பும்தானே?

டாக்டர் போறது வேற. நான் போனதைச் சொல்றேன்.

"அப்போ போகவே கூடாதா?"ன்னு எதிரணி முறைக்கிறாங்க. போங்க! கோயிலைப் பாருங்க, அங்க உள்ள கடையில சாப்பிடுங்க, டுக்டுக் ஓட்டுறவர்கிட்ட பேரம் பேசாதீங்க. அவர் வீட்டுலயும் ஒரு பொண்ணு இருப்பாள்.

மணி அடிச்சுட்டீங்க, உட்கார்றேன்.